செல்லக்கிளியின் சத்தியம்

கோபம் வந்தால் செல்லக்கிளிக்குக் கண்ணு மண்ணு தெரியாது. அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபமா? வாசலில் ஜீப் நிற்கிறது. ஏழு வயசு மகள் வைஷ்ணவியை ஒரு பெண் போலீஸ் இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறாள். குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசிலிருந்து வந்த ரோசரி, பக்கத்தில் நின்று என்னமோ சட்டம் பேசுகிறாள். செல்லக்கிளி பாய்ந்து ரோசரியின் முன்கையைக் கவ்விக் கடித்தாள். பல் இறங்கி ரத்தம் வந்தது. இழுத்துப் பிரிக்க வந்த போலீஸ்காரிக்கு வயிற்றில் ஒரு உதை விழுந்தது. வாசலில் கிடந்த அம்மிக் குழவியை எடுத்து வீசினாள் பாருங்கள், ஜீப் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. வரகனேரிச் சந்தே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தராவது குறுக்கே வரணுமே! ஊஹும்.

"எம் புள்ள! நான் பெத்த புள்ள! அடிப்பேன், கொல்லுவேன், கேக்க நீ யாருடி?"

அடிப்பாவி, அந்த வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. ரோசரி அங்கே வந்ததே அதைக் கேட்கத்தான். அவள் கையைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு குழந்தையோடு ஜீப்பில் ஏறினாள். வைஷ்ணவி அழவில்லை. அம்மா உருண்டு புரண்டு கத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

நடந்தது இதுதான். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பலகாரக் கடையில் செல்லக்கிளிக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நின்று முறுக்கும் காராசேவும் பிழிந்து எடுக்கணும். புருஷன் முருகானந்தம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். குடித்துவிட்டு வந்து அவளைச் சுவரோடு சேர்த்துவைத்து மிதிப்பான். ஒருநாள் மணப்பாறையில் இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போய்விட்டான். அவன் போனான், அடி போகவில்லை. அவன் இவளை அடித்தது போய், இவள் பிள்ளையை அடிப்பது என்று ஆயிற்று. துடைப்பம், கரண்டி, சார்ஜர் ஒயர், கையில் எது கிடைத்தாலும் சரி.

வைஷ்ணவி பாயில் ஒண்ணுக்குப் போகிற பிள்ளை. அப்பன் அம்மாவை மிதிக்கிற காலத்தில் ஆரம்பித்த பழக்கம், அவன் போன பிறகும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மாரியாயி வைத்தியம் சொன்னாள். "தொடையில சூடு ஒரு இழுப்பு இழுத்து விடுடி. அப்பறம் ஜென்மத்துக்கும் பாயில பேயாது. எங்கம்மா எனக்கு அப்புடித்தான் பண்ணுச்சு." அன்று காலையில் பாய் நனைந்திருந்தது, போர்வை நனைந்திருந்தது, நாற்றம் தாங்கலை என்று வீட்டு ஓனர் வாசலில் நின்று ஏசினான். செல்லக்கிளி தோசைத் திருப்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சினாள். பிள்ளையைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை ஊன்றிக்கொண்டு இடது தொடையில் வைத்தாள்.

பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று கேட்கிறீர்களா? செய்தாளே! செய்துவிட்டு அவளும்தான் அழுதாள். தேங்காய் எண்ணெய் தடவினாள். சாயங்காலம் பரோட்டா வாங்கிக் கொடுத்து மடியில் போட்டுக்கொண்டு தட்டிக் கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு தீர்ந்தது. ஸ்கூலில் பிள்ளையால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. டீச்சர் பாவாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று போன் போட்டாள்.

குழந்தைகள் நலக் குழு உட்கார்ந்து பேசி, வைஷ்ணவியை ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பத்தில் வைப்பதென்று முடிவு செய்தது. கையில் கட்டோடு உட்கார்ந்து ரோசரி அதைச் செல்லக்கிளிக்கு விளக்கினாள். "இது தத்து குடுக்கறது இல்லீங்க. வளர்ப்புக் குடும்பம். கொஞ்ச நாளைக்கு அவங்க பாத்துப்பாங்க. அவளோட அம்மா நீங்கதான், அது மாறாது. நீங்க சரியாயிட்டா உங்ககிட்டயே அனுப்பறதுதான் எங்க வேலை." செல்லக்கிளிக்கு இதில் ஒன்றும் காதில் ஏறவில்லை. என் பிள்ளையை இன்னொருத்தி வீட்டில் விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் ஏறியது, ஏறி அங்கேயே நின்று கொதித்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "வித்துருவாங்கடி", "வெளிநாட்டுக்கு ஏத்திருவாங்க", "கிட்னிய எடுத்துருவாங்க" என்று சந்தே ஆளுக்கொன்று சொன்னது. துறையூரிலிருந்து அண்ணன் வீரமலை வந்து இறங்கினான். வெங்காயம் போடுகிற விவசாயி, ஆள் ஆஜானுபாகு, புத்தி கொஞ்சம் மட்டு. "நான் தாய்மாமன் உசுரோட இருக்கேன். எவ வீட்ல வளரும் எந்தங்கச்சி புள்ள?" என்று மீசையை நீவினான்.

முதல்தடவை பிள்ளையைப் பார்க்க ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். உள்ளே விடுமுன் ரோசரி படித்துப் படித்துச் சொன்னாள். "நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க. அந்த வீட்டப் பத்தித் துருவாதீங்க. சாப்ட்டியா, படிச்சியான்னு பேசுங்க, போதும்." செல்லக்கிளி தலையைத் தலையை ஆட்டினாள். உள்ளே போனதும் அத்தனையும் செய்தாள். நாளைக்கே உன்னைத் தூக்கிட்டுப் போயிடறேன் என்றாள். வீடு எங்கே என்று கேட்டாள். பிள்ளை, பாவம், கீழே மாவு மில்லு, மாடியில் வீடு, ஜன்னலில் நின்றால் காவிரி தெரியும் என்று சொன்னது. தலை வாரி ரெட்டைப் பின்னல் போட்டு மல்லிகைப்பூ வைத்திருந்தது.

"யாருடி பின்னி விட்டா?"

"லதாம்மா."

அந்த 'அம்மா' என்ற சொல் செல்லக்கிளியின் நெஞ்சில் போய்க் குத்தியது. சிரித்த முகம் மாறாமல் மேஜைக்கு அடியில் கையை விட்டு, பிள்ளையின் உள்தொடைச் சதையைப் பிடித்துத் திருகினாள். நகம் பதிந்தது. வைஷ்ணவி கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள், கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. ரோசரி எழுந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைய சந்திப்பு அவ்வளவுதான்.

மாவு மில் போதாதா? அடுத்த நாளே அண்ணனும் தங்கையும் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார்கள். அம்மா மண்டபம் பக்கம் தெருத்தெருவாக அலைந்து கண்டுபிடித்துவிட்டார்கள். மாடிக் கதவைத் திறந்தவர் பீமராவ், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "யார் நீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் வீரமலையின் கை அவர் மூக்கில் இறங்கியது. கண்ணாடி தெறித்தது. மனுஷன் சரிந்து விழுந்ததும் விலாவில் இரண்டு மிதி மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் செல்லக்கிளிக்கே கேட்டது. அவள் நிற்கவில்லை. சமையல்கட்டிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி பிரேமலதாவின் கொண்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள். "எம்புள்ளைக்கு நீ அம்மாவாடி? நீ அம்மாவா?" என்று கேட்டுக் கேட்டு மோதினாள். சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் ஒட்டியது.

பிரேமலதா திருப்பி ஒரு அடி அடிக்கவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் வழிய, ஒரு அறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "என்னை என்ன வேணாப் பண்ணுங்கோ. உள்ள மட்டும் போகாதீங்கோ. குழந்தை நடுங்கறா."

செல்லக்கிளி அவளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தாள். வைஷ்ணவி கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். "வாடி தங்கம், அம்மா வந்துட்டேன்டி" என்று கையை நீட்டினாள். பிள்ளை பின்னால் பின்னால் ஒண்டியது. கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். வைஷ்ணவி கட்டில் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அம்மா இழுக்க, கட்டிலே நகர்ந்தது. அதற்குள் மில்லிலிருந்து ஆட்கள் ஏறி வந்து வீரமலையைக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். செல்லக்கிளியை இரண்டு பேர் முடியைப் பிடித்து இழுத்துப் படியில் இறக்கினார்கள்.

வீரமலை மேல் கேஸ் ஆகி, அவன் ஜெயிலுக்குப் போனான். செல்லக்கிளியும் போயிருக்க வேண்டியவள். மண்டையில் தையலோடு இருந்த பிரேமலதா, "குழந்தையோட அம்மா மேல நான் கம்ப்ளைண்ட் தரமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஸ்டேஷனில் மூலையில் உட்கார்ந்திருந்த செல்லக்கிளிக்கு எதிரே ரோசரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். முன்கையில் பல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"இப்பவாவது கேப்பீங்களா? உங்க புள்ளைய யாரும் பறிக்கல. அவ அங்க நிம்மதியா தூங்கினா அது உங்களுக்கு எதிரி வேலை இல்ல. ரெண்டு பேர் மேலயும் பிரியம் வெச்சா என்ன குறைஞ்சு போச்சு? உங்க மனசு நோகுமோன்னு அங்க சிரிக்கவும் பயப்படுது அந்தக் குழந்த. வரேன்னு சொன்ன நாள்ல வாங்க. அந்தம்மாகிட்ட நேருக்கு நேரா பேசுங்க. புள்ள என்ன சாப்பிடும், எதுக்கு பயப்படும்னு உங்களுக்குத்தான தெரியும்? அதச் சொல்லிக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி உங்க கோவத்துக்கு வைத்தியம் பாருங்க. குழு பாக்கப்போறது அதத்தான். நீங்க மார்ல அடிச்சு அழறத இல்ல."

செல்லக்கிளி வீங்கிய முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பல்லிக்குப் பயப்படுவா மேடம்" என்றாள். ரோசரி அதை டைரியில் குறித்துக்கொண்டாள். "சரி, நான் சொல்லிடறேன்" என்று எழுந்தாள்.

அண்ணன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்ததைப் பார்த்தபிறகுதான் அவளுக்குப் புத்தியில் உறைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் போனாள். கோபம் வந்தால் அந்த இடத்தை விட்டு நட என்றார்கள். நடந்தாள். கடையில் கூட வேலை செய்கிறவள் ஒருநாள், "சூடு போட்ட சிறுக்கிதானே நீ" என்றாள். செல்லக்கிளியின் கையில் கொதிக்கிற எண்ணெய் சொட்டுகிற சாரணிக் கரண்டி இருந்தது. ஒரு வீச்சு வீசினால் அவள் முகம் போயிருக்கும். சாரணியைக் கீழே வைத்துவிட்டு மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தக்காளிக் கூடையை உதைக்கணும் போல் இருந்தது, எவனையாவது அறையணும் போல் இருந்தது. ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்து சேவு பிழிந்தாள். லேசுப்பட்ட காரியமா அது?

பிள்ளையைப் பார்க்க மறுபடி விட்டார்கள். சொன்ன நாளில் போனாள். லதாம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். வைஷ்ணவி ஸ்கூல் கதை பேச ஆரம்பித்தாள். "அங்க இப்பல்லாம் பாய் நனையறதில்லீங்க" என்று ரோசரி சொன்னபோது செல்லக்கிளிக்கு சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. எரிந்ததை வெளியில் காட்டாமல் "ரொம்ப நல்லது மேடம்" என்றாள். மழைக்காலம் போய்த் தை மாசம் வந்தது. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யக் குழு தேதி குறித்தது.

அதற்கு முந்தின சந்திப்பில்தான் செல்லக்கிளி அந்தக் காரியத்தைச் செய்தாள். இனிமேல் கை வைக்க மாட்டேன் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? முருகானந்தமும்தான் தினம் விடிந்தால் சொன்னான். அவள் சனங்களில் சொல்லுக்கு மேல் ஒரு சொல் உண்டு. உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்குமேல் எந்தக் கொம்பனும் கேள்வி கேட்க முடியாது. மீறினால் மாரியம்மன் கண்ணைப் பிடுங்கிவிடுவாள். எம் மகளுக்கு அந்தச் சத்தியத்தைக் கொடுக்கணும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை. கட்டிச் சூடமும் தீப்பெட்டியும் முந்தானையில் முடிந்துகொண்டு, தலைக்குக் குளித்து, விரதம் இருந்து போனாள்.

ஆபீஸ் அறையில் வைஷ்ணவி நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிரேமலதா ஜன்னலோரம் இருந்தாள். ரோசரி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். செல்லக்கிளி பிள்ளைக்கு எதிரே மண்டி போட்டாள்.

"வைஷ்ணவி, இங்க பாரு. ஆத்தா சாட்சியா, எரியிற சூடம் சாட்சியா அம்மா உனக்கு ஒண்ணு சொல்லப் போறேன்."

உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். தீ குபுக்கென்று எழுந்தது. செல்லக்கிளி பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். வலிக்க வலிக்க அவள் முகத்தில் ஒரு பெருமை. பாருடி, உனக்காக அம்மா எப்படித் தாங்குறேன் பாரு!

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. நாற்காலியிலிருந்து தரைக்குச் சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. வைஷ்ணவி கத்தவில்லை, ஓடவும் இல்லை. நாற்காலியை விட்டு இறங்கி அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பாவாடையைத் தூக்கி வலது தொடையைக் காட்டினாள்.

"அந்தக் கால்ல வேணாம்மா. இந்தக் கால்ல வையி."

செல்லக்கிளி கையை மூடினாள். தீ உள்ளேயே பொசுங்கி அணைந்தது. தோல் கருகிய வாடை அறை முழுக்க அடித்தது. பிரேமலதா ஓடிவந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். வைஷ்ணவி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இனிமே பேய மாட்டேன், இனிமே பேய மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரோசரி செல்லக்கிளியின் கையைப் பிடித்துக் குழாய்க்கு இழுத்துப் போனாள்.

குழு கூடிய நாள் வந்தது. சூடம் கொளுத்தியதை ரோசரி மறைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போனதையும் சொன்னாள். தலைவராக இருந்த அம்மாள் வைஷ்ணவியைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டு உள்ளே கூட்டிவந்தார். "எத்தனை தடவ கேட்டாலும் அம்மாகிட்டதான் போறேங்கறா" என்றார். "நீயே சொல்லும்மா."

"அம்மாகிட்ட போறேன்" என்றாள் வைஷ்ணவி. பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள். கண் மட்டும் அம்மாவின் கட்டுப்போட்ட கையை விட்டு நகரவே இல்லை. அந்தக் கை மடியில் லேசாக அசைந்தது. பிள்ளையின் தோள் வெடுக்கென்று தூக்கிப் போட்டது. "போறேன், போறேன்" என்று அவசரமாக இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

கேட்டது கிடைக்கப்போகிறது. கடித்துக் குதறி, மண்டையை உடைத்து, அண்ணனை ஜெயிலில் தள்ளி, எதற்காக அலைந்தாளோ அது எதிரே வந்து நிற்கிறது. கையை நீட்டினால் போதும். செல்லக்கிளி எழுந்தாள். பிள்ளைக்குத் தெரியாமல் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அம்மா, இவ சொல்றத நம்பாதீங்க."

"ஏம்மா? நீங்கதானே கேட்டீங்க?" என்றார் தலைவர்.

"கேட்டேங்க. ஆனா எம்புள்ள பாசத்துல வரேங்கல. வல்லேன்னா என்ன பண்ணுவேனோன்னு பயந்துகிட்டு வரேங்குது. அந்தப் பயத்த நானும் பட்டிருக்கேங்க, எங்க வீட்டுக்காரருகிட்ட. அவரு கூப்புட்டப்பல்லாம் நானும் இப்புடித்தான் போனேன். இப்ப அனுப்பாதீங்க. என்னைக்கு இது என் மூஞ்சிக்கு நேரா வரமாட்டேன்னு தைரியமா சொல்லுதோ, அதுக்கப்பறம் கேளுங்க."

தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செல்லக்கிளி குனிந்து மகளைப் பார்த்தாள், தொடவில்லை. "நீ லதாம்மாகூட போ சாமி. அம்மாவுக்குக் கோவமில்ல."

வைஷ்ணவி நம்பாமல் நின்றாள். அம்மா முகத்தைப் பார்த்தாள், ரோசரியைப் பார்த்தாள். மெதுவாக நடந்து போய், கதவோரம் நின்ற பிரேமலதாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே படியில் முதலில் மெல்ல மெல்லக் காலடி கேட்டது. திருப்பம் தாண்டியதும் பிள்ளை தடதடவென்று குதித்து இறங்குகிற சத்தம் வந்தது, கூடவே, "ஓடாதேடி, விழுந்துடுவே" என்று பிரேமலதாவின் குரலும். அந்தச் சத்தம் தேய்ந்து தெருவில் கலக்கிறவரை செல்லக்கிளி நின்று கேட்டாள். அப்புறம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, பெஞ்சில் தலையை முட்டி முட்டி அழுதாள்.